போலி வைரம் என்று ஒன்று உண்டா?

பல ஆண்டுகளுக்கு முன் நடந்தது இது. பத்தாம் வகுப்பில் ஒளிவிலகல் பாடத்தை நடத்தி முடித்துவிட்டு, ஆய்வுக்கூடத்தில் கருவிகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். மாணவி ஒருத்தி தயங்கித் தயங்கி வந்து நின்றாள். கைக்குட்டையின் முனையில் முடிந்து வைத்திருந்த ஒரு ஜோடித் தோட்டை அவிழ்த்து மேசைமேல் வைத்தாள்.

"சார், இது போலியான்னு பார்த்துச் சொல்ல முடியுமா?"

அவளுடைய அம்மா இரண்டு வருடம் சீட்டுக் கட்டி வாங்கிய தோடு அது. வைரம் என்று கடையில் சொன்னார்கள். வைரத்துக்கான விலையையும் வாங்கிக்கொண்டார்கள். வீட்டில் ஓர் அவசரச் செலவு வந்து, அதை அடகு வைக்கப் போனபோதுதான் விஷயம் வெளிப்பட்டது. "தங்கத்துக்கு மட்டும்தான் பணம். கல் போலி" என்று சொல்லிவிட்டார்களாம். அன்றிலிருந்து அம்மா அந்தத் தோட்டைக் காதில் போடுவதே இல்லையாம்.

உருப்பெருக்கியால் பார்த்தேன். பட்டைகள் சந்திக்கும் விளிம்புகள் மழுங்கியிருந்தன. மேற்பரப்பில் நுண்ணிய கீறல்கள் தெரிந்தன. வாயால் ஊதியபோது கல்லின்மேல் படிந்த ஈரம் உடனே மறையாமல் சிறிது நேரம் நின்றது. வைரம் இப்படி நடந்துகொள்ளாது. அது அநேகமாகக் கியூபிக் சிர்கோனியா. நம் ஊர்க் கடைகளில் 'அமெரிக்கன் டைமண்ட்' என்று சொல்லப்படும் கல்.

ரசீதைக் கொண்டுவரச் சொன்னேன். மறுநாள் கொண்டுவந்தாள். அதில் 'கல் தோடு, ஒரு ஜோடி' என்று மட்டும் எழுதியிருந்தது. என்ன கல் என்பதற்கு ஒரு சொல்கூட இல்லை.

அன்று அந்த மாணவியிடம் சொன்னதையே இன்று உங்களிடமும் சொல்ல விரும்புகிறேன். அந்தக் கல் போலி அல்ல. அதற்கு வாயால் சூட்டிய பெயர்தான் போலி. இது வெறும் சொல் விளையாட்டு என்று நினைத்துவிடாதீர்கள். கல்லின்மேல் பழியைப் போட்டால், பொய் சொன்னவர் தப்பித்துக்கொள்கிறார். ஏமாந்தவரோ தாமே ஏதோ தவறு செய்ததுபோலத் தலைகுனிகிறார். அறிவியல் படிப்பவர்களாகிய நாம் இந்தக் குழப்பத்தைத் தீர்க்கக் கடமைப்பட்டவர்கள் என்பது என் கருத்து.

வைரம் என்பது எது?

முதலில் வைரத்தைப் பார்ப்போம். 1772ஆம் ஆண்டில் பிரெஞ்சு விஞ்ஞானி லவாசியே பெரிய குவிவில்லையால் சூரிய ஒளியைக் குவித்து வைரத்தை எரித்துக் காட்டினார். 1797இல் இங்கிலாந்தைச் சேர்ந்த ஸ்மித்சன் டெனன்ட், ஒரே எடையுள்ள வைரத்தையும் மரக்கரியையும் எரித்தால் ஒரே அளவு கரியமில வாயு கிடைக்கிறது என்று நிறுவினார். ஆக, அடுப்புக்கரியும் வைரமும் ஒரே தனிமமான கார்பனால் ஆனவை. வேறுபாடு அணுக்கள் அடுக்கப்பட்டிருக்கும் விதத்தில் இருக்கிறது. வைரத்தில் ஒவ்வொரு கார்பன் அணுவும் தன்னைச் சுற்றியுள்ள நான்கு கார்பன் அணுக்களோடு வலுவாகப் பிணைந்துள்ளது.

இந்த அமைப்பிலிருந்தே வைரத்தின் குணங்கள் பிறக்கின்றன. மோ கடினத்தன்மை அளவுகோலில் அதற்கு 10. அதன் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 3.52 கிராம். வெப்பத்தைக் கடத்துவதில் அது செம்பைக் காட்டிலும் ஏறத்தாழ ஐந்து மடங்கு திறன் உடையது. ஊதிய ஈரம் சட்டென்று மறைவது இதனால்தான். ஈரப்படலத்தின் குளிர்ச்சியை வைரம் நொடியில் உள்வாங்கிச் சமன்செய்துவிடுகிறது.

அதன் ஒளிவிலகல் எண் 2.42. எனவே மாறுநிலைக் கோணம் சுமார் 24 பாகைதான். சாதாரணக் கண்ணாடிக்கு இது 42 பாகை. கோணம் சிறியதாக இருப்பதால், கல்லுக்குள் நுழைந்த ஒளி அடிப்பக்கமாக எளிதில் தப்பிச் செல்ல முடியாது. பட்டைகளில் மோதி முழு அக எதிரொளிப்பு அடைந்து, மேல்பக்கமாகவே திரும்பி வருகிறது. வரும் வழியில் வண்ணங்களாகவும் பிரிகிறது. இதன் நிறப்பிரிகை அளவு 0.044. வெண்மையான மின்னலும் வண்ணப் பொறிகளும் சேர்ந்த அந்தக் காட்சியைத்தான் 'டால் அடிக்கிறது' என்கிறோம்.

ஒன்றைக் கவனியுங்கள். வைரம் என்பது ஜொலிப்பு மட்டும் அல்ல. கடினம், அடர்த்தி, வெப்பங்கடத்தல், ஒளிவிலகல், நிறப்பிரிகை ஆகிய பல குணங்கள் ஒன்றாகச் சேர்ந்திருப்பதே வைரம். மாற்றுக் கற்களின் கதை முழுவதும் இந்த ஒரு வாக்கியத்தில் அடங்கியிருக்கிறது.

வைரத்தைத் தொடர்ந்து ஓடிய கற்கள்

18ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரில் ஜார்ஜ் பிரெடரிக் ஸ்டிராஸ் என்ற நகைக் கலைஞர் இருந்தார். ஈயம் மிகுந்த கண்ணாடியைப் பட்டை தீட்டி, வைரம்போல மின்னும் நகைகளைச் செய்தார். ஈயம் கலந்தால் கண்ணாடியின் ஒளிவிலகல் எண் உயர்கிறது. ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் இத்தகைய கற்களுக்கு இன்றும் அவர் பெயரே வழங்குகிறது. ஆனால் ஈயக் கண்ணாடி மென்மையானது. காற்றில் பறக்கும் தூசியில் குவார்ட்சு மணல் துகள்கள் உண்டு. அவற்றின் கடினத்தன்மை 7. அதைவிட மென்மையான எந்தக் கல்லும் நாளடைவில் தூசியாலேயே தேய்ந்து ஒளி மங்கும்.

நமக்கு அருகிலேயே இன்னொரு மாற்றுக் கல் கிடைத்தது. இலங்கையின் தென்கரையில் உள்ள மாத்தறைப் பகுதியின் நிறமற்ற சிர்க்கான் கல் 'மாத்தறை வைரம்' என்றே வணிகத்தில் பெயர் பெற்றது. மண்ணில் விளைந்த இயற்கைக் கல்தான். ஆனாலும் வைரம் அன்று. ஓர் ஒளிக்கதிரை இரண்டாகப் பிரிக்கும் இரட்டை ஒளிவிலகல் அதற்கு உண்டு. எனவே உருப்பெருக்கியால் மேலிருந்து நோக்கினால் அடிப்பக்க விளிம்புகள் இரண்டிரண்டாகத் தெரியும். ஆக, 'இயற்கை' என்ற சொல்லும் ஒரு கல்லை வைரமாக்கிவிடாது.

1902இல் பிரெஞ்சு வேதியியலார் வெர்னே, அலுமினியம் ஆக்சைடுத் தூளை ஆக்சிஜன்-ஹைட்ரஜன் சுடரின் வழியே தூவி உருக்கி, சொட்டுச் சொட்டாகப் படிகமாக வளர்க்கும் முறையை அறிவித்தார். மாணிக்கமும் நீலமும் ஆலையில் பிறந்தன. நிறமற்ற நீலக்கல்லை வைரத்துக்குப் பதிலாக வைத்துப் பார்த்தார்கள். கடினத்தன்மை 9. ஆனால் ஒளிவிலகல் எண் 1.76 மட்டுமே. உழைத்தது, ஆனால் ஜொலிக்கவில்லை.

1940களின் இறுதியில் செயற்கை ரூட்டைல் வந்தது. அது டைட்டானியம் ஆக்சைடு. ஒளிவிலகல் எண்ணில் வைரத்தையே மிஞ்சியது. நிறப்பிரிகையோ ஆறேழு மடங்கு. அளவுக்கு மீறிய அந்த வானவில்லே அதைக் காட்டிக்கொடுத்தது. 1950களில் ஸ்டிரான்சியம் டைட்டனேட் வந்தது. அதன் ஒளிவிலகல் எண் 2.41. வைரத்துக்கும் அதற்கும் 0.01தான் வேறுபாடு! ஆனால் கடினத்தன்மை ஐந்தரை. சில காலம் அணிந்தாலே கல் தேய்ந்துவிடும்.

1960களில் யிட்ரியம் அலுமினியம் கார்னெட் வந்தது. சுருக்கமாக 'யாக்'. இது கடினமானது. ஆனால் வண்ணப் பொறி குறைவு. 1970களில் கடோலினியம் காலியம் கார்னெட் வந்தது. நிறப்பிரிகை வைரத்தினுடையதைப்போலவே இருந்தது. ஆனால் அடர்த்தி 7.05. அதே அளவுள்ள வைரத்தைப்போல இரண்டு மடங்கு கனம்.

இப்படி ஒவ்வொன்றும் ஒரு குணத்தில் வைரத்தை எட்டிப் பிடித்தது, மற்றொன்றில் பின்தங்கியது. ஒரு குணத்தில் ஒத்திருந்தால் பொருளும் ஒன்றே என்று முடிவு கட்டக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் வேண்டுமா?

மாஸ்கோவில் பிறந்த 'அமெரிக்கன் டைமண்ட்'

இனி அந்தத் தோட்டுக் கல்லின் கதைக்கு வருவோம். சிர்கோனியம் ஆக்சைடு உருகச் சுமார் 2,700 பாகை செல்சியஸ் வெப்பம் தேவை. பிளாட்டினக் கலம்கூட அதற்கு வெகு முன்பே உருகிவிடும். பிறகு எந்தப் பாத்திரத்தில் உருக்குவது?

1970களின் தொடக்கத்தில் மாஸ்கோவின் லெபடேவ் இயற்பியல் நிறுவன விஞ்ஞானிகள் இதற்கு ஓர் அருமையான வழியைக் கையாண்டார்கள். உள்ளே தண்ணீர் ஓடும் செப்புக் குழாய்களைக் கிண்ணம்போல வட்டமாக நிறுத்தி, நடுவில் சிர்கோனியாத் தூளைக் கொட்டினார்கள். சுற்றிலும் உயர் அதிர்வெண் மின்புலம். தூள் குளிர்ந்த நிலையில் மின்சாரத்தைக் கடத்தாது. எனவே சிறிது சிர்கோனியம் உலோகத்தை நடுவே வைத்துச் சூட்டைத் தொடங்கி வைத்தார்கள். சூடேறிய சிர்கோனியா மின்சாரத்தைக் கடத்தத் தொடங்கி, தானே உருகியது. குழாய்களை ஒட்டிய ஓரம் மட்டும் குளிர்ந்து இறுகி, ஓடுபோல நின்றது. அதாவது சிர்கோனியாவே தன்னை உருக்கும் பாத்திரமாகவும் ஆயிற்று! சிறிது யிட்ரியம் ஆக்சைடு அல்லது கால்சியம் ஆக்சைடு சேர்த்ததால், ஆறிய பிறகும் படிகம் கனசதுர அமைப்பிலேயே நிலைத்தது. அந்த நிறுவனத்தின் ரஷ்யப் பெயர்ச் சுருக்கத்தைக் கொண்டு இதற்கு 'ஃபியானிட்' என்று பெயரிட்டார்கள். 1976 முதல் இது நகைச் சந்தையில் பரவியது.

மாஸ்கோவில் உருவான முறைக்கு நம் ஊரில் கிடைத்த பெயரோ 'அமெரிக்கன் டைமண்ட்'. அது அமெரிக்கனும் அல்ல, டைமண்டும் அல்ல. பெயர் எவ்வளவு தூரம் பொய் சொல்லும் என்பதற்கு இந்த ஒன்றே போதும்.

இதன் ஒளிவிலகல் எண் சுமார் 2.16. நிறப்பிரிகை 0.06. கடினத்தன்மை எட்டுக்கு மேல். அடர்த்தி 5.6 முதல் 6.0 வரை. நன்கு தீட்டிய கல்லைப் பார்வையால் மட்டும் வைரத்திலிருந்து பிரித்தறிவது எளிதன்று. ஆனால் இது வெப்பத்தைச் சரியாகக் கடத்தாது. எனவே கல்லின்மேல் முனையை வைத்து வெப்பங்கடத்தலை அளக்கும் சிறு கருவி வணிகர்களுக்குக் கைகொடுத்தது. கருவி 'வைரம்' என்று சொன்னால் வைரம். சிக்கல் தீர்ந்தது என்று நினைத்தார்கள்.

கருவியையும் ஏமாற்றிய கல்

1893இல் பிரெஞ்சு வேதியியலார் ஆன்ரி முவாசான், அமெரிக்காவின் அரிசோனாவில் விழுந்த விண்கல் ஒன்றின் துண்டுகளை ஆராய்ந்தபோது, சிறு மின்னும் படிகங்களைக் கண்டார். முதலில் வைரம் என்றே எண்ணினார். பின்னர் 1904இல் அவை சிலிகான் கார்பைடு என்று தெளிந்தார். 1906இல் வேதியியல் நோபல் பரிசு பெற்ற மேதைக்கும் கண் ஏமாற்றும்! அவர் தம் கருத்தைத் தாமே திருத்திக்கொண்டார் என்பதுதான் நாம் கற்க வேண்டியது. அவர் பெயராலேயே அந்தக் கனிமம் 'மாய்சனைட்' எனப்படுகிறது. இயற்கையில் அது மிக மிக அரிது. 1990களின் இறுதியில் ஆய்வகத்தில் வளர்த்த மாய்சனைட் நகைக்கல்லாக விற்பனைக்கு வந்தது.

வெப்பங்கடத்தலில் அது வைரத்துக்கு நெருங்கியது. எனவே பழைய கருவி அதையும் 'வைரம்' என்றே காட்டியது. கருவியை மட்டும் நம்பியிருந்த வணிகர்கள் திகைத்துப்போனார்கள். ஆனால் உருப்பெருக்கியைக் கையிலெடுத்தவர்கள் ஏமாறவில்லை. சிர்க்கானைப்போல இதற்கும் இரட்டை ஒளிவிலகல் உண்டு. மின்கடத்தலிலும் வேறுபாடு உண்டு. அடர்த்தி 3.22. ஒரு சோதனை தவறினாலும் நான்கு சோதனைகள் ஒன்றாகத் தவறுவதில்லை.

கருவி பொய் சொல்லவில்லை. 'இது வெப்பத்தை நன்கு கடத்துகிறது' என்ற உண்மையைத்தான் அது சொன்னது. 'ஆகவே வைரம்' என்று சேர்த்துக்கொண்டது நாம்.

ஆய்வக வைரம் மாற்றுக் கல் அல்ல

இங்கே ஒரு பெரிய குழப்பத்தைத் தெளிவுபடுத்த வேண்டும். 'செயற்கை வைரம்' என்ற ஒரே சொல்லால் இரண்டு வேறு பொருள்களைக் குறிக்கிறோம். கியூபிக் சிர்கோனியாவையும் அப்படிச் சொல்கிறோம். ஆய்வகத்தில் வளர்த்த உண்மையான வைரத்தையும் அப்படியே சொல்கிறோம். இரண்டும் ஒன்றல்ல.

1953இல் சுவீடனிலும், 1954 டிசம்பரில் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வகத்திலும், கார்பனைப் பல்லாயிரம் வளிமண்டல அழுத்தத்திலும் கடும் வெப்பத்திலும் வைத்து வைரமாக மாற்றினார்கள். அணிகலனுக்கு ஏற்ற பெரிய கற்கள் 1970இல் வந்தன. இப்போது இன்னொரு முறையும் உண்டு. மீத்தேனும் ஹைட்ரஜனும் கலந்த வாயுவை மின்ம நிலைக்குக் கொண்டுவந்து, ஒரு மெல்லிய வைரத் தகட்டின்மேல் கார்பன் அணுக்களைப் படிப்படியாகப் படிய வைக்கிறார்கள். குஜராத்தின் சூரத் நகரில் இந்தத் தொழில் பெருகியிருக்கிறது. 2023இல் இந்த ஆராய்ச்சிக்காகச் சென்னை ஐ.ஐ.டி.க்கு ஐந்தாண்டு மானியத்தை மத்திய அரசு அறிவித்தது.

இதில் விளையும் கல் வைரத்தைப் போன்றது அன்று. அது வைரமே. இதற்கு ஒரு சாட்சியை அழைக்கலாம். அவர் நம்மவர். 1888இல் திருச்சியை அடுத்த திருவானைக்காவலில் பிறந்த சர் சி. வி. ராமன். அவர் 1928இல் கண்டறிந்த ராமன் விளைவைக் கொண்டு ஒரு பொருளின் அணுப் பிணைப்புகளை அடையாளம் காணலாம். வைரத்தின்மேல் ஒளியைப் பாய்ச்சினால், ஒரு சென்டிமீட்டருக்கு 1332 என்ற அலை எண் மாற்றத்தில் கூர்மையான ஒரு கோடு தோன்றும். கண்ணாடியிலோ சிர்கோனியாவிலோ மாய்சனைட்டிலோ அந்தக் கோடு வராது. ஆய்வக வைரத்தில் வரும். சுரங்க வைரத்திலும் வரும். ராமனே வைரங்களைச் சேகரித்துப் பல்லாண்டு ஆராய்ந்தவர்.

அப்படியானால் சுரங்க வைரத்தையும் ஆய்வக வைரத்தையும் பிரிக்கவே முடியாதா? முடியும். பெரும்பாலான சுரங்க வைரங்களில் சிறிது நைட்ரஜன் கலந்திருக்கும். பூமியின் ஆழத்தில் கோடிக்கணக்கான ஆண்டுகள் சூட்டில் கிடந்ததால், அந்த நைட்ரஜன் அணுக்கள் மெல்ல நகர்ந்து ஒன்றுசேர்ந்து கூட்டங்களாகியிருக்கும். சில வாரங்களில் வளர்ந்த வைரத்துக்கு அந்த அவகாசம் இல்லை. அகச்சிவப்பு ஒளி கொண்டு இந்த வேறுபாட்டைக் கண்டறிகிறார்கள். ஆனால் இது பிறந்த இடத்திலும் வயதிலும் உள்ள வேறுபாடு. பொருளில் உள்ள வேறுபாடு அன்று.

2018இல் அமெரிக்க அரசின் வணிக ஆணையம், வைரத்தின் வரையறையிலிருந்து 'இயற்கையான' என்ற சொல்லையே நீக்கியது. ஆனால் ஆய்வகத்தில் வளர்த்ததை ஆய்வகத்தில் வளர்த்தது என்று சொல்லித்தான் விற்கவேண்டும் என்ற விதியை விட்டுவிடவில்லை. இது சரியான நிலை என்று நான் கருதுகிறேன். பொருளின் பெயரும் சொல்லப்படுகிறது, பிறப்பும் மறைக்கப்படவில்லை.

கல்லின் குற்றம் என்ன?

'போலி' என்று நாம் ஒதுக்கும் இந்தப் பொருள்களின் மறுபக்கத்தைப் பாருங்கள். யாக் படிகத்தில் சிறிது நியோடிமியம் சேர்த்தால் அது லேசர் ஆகிறது. கண்புரை அறுவைக்குச் சில காலம் கழித்து மீண்டும் பார்வை மங்கினால், கண் மருத்துவமனையில் அந்த யாக் லேசரைக் கொண்டுதான் சரிசெய்கிறார்கள். சிர்கோனியாவைக் கொண்டு செயற்கைப் பற்களுக்கு உறை செய்கிறார்கள். மோட்டார் வாகனப் புகையில் ஆக்சிஜனை அளக்கும் உணர்கருவியிலும் அது இருக்கிறது. சிலிகான் கார்பைடு சாணைக்கல்லிலும் உப்புத்தாளிலும் உழைக்கிறது. மின்சாரக் கார்களின் மின்னணுச் சுற்றுகளிலும் இடம்பெறுகிறது. மருத்துவமனையில் அருமருந்தாக இருக்கும் பொருள் காதுத்தோட்டில் ஏறியதும் போலி ஆகிவிடுமா?

இந்தக் கற்களைத் தீட்டிய கைகளையும் எண்ணிப் பாருங்கள். ராமன் பிறந்த அதே திருச்சியிலும், சுற்றியுள்ள சிற்றூர்களிலும், புதுக்கோட்டைப் பகுதியிலும் பல குடும்பங்கள் வீட்டிலேயே சக்கரம் வைத்துச் செயற்கைக் கற்களுக்குப் பட்டை தீட்டி வாழ்ந்தன. கடுகளவு கல்லில் கண்ணளவாலேயே கோணம் பிசகாமல் பட்டை தீட்டுவது எளிய வேலை அல்ல. இயந்திரத்தில் தீட்டிய வெளிநாட்டுக் கற்கள் வந்து குவிந்த பிறகு அந்தத் தொழில் நலிந்தது. அவர்கள் செய்தது போலி வேலை என்று சொல்ல யாருக்கு மனம் வரும்? அவர்கள் கண்ணால் கண்ட கல்லைத் தீட்டினார்கள். அதற்கு வைரம் என்று விலை சொன்னவர்கள் வேறு யாரோ.

"சார், உண்மையைச் சொன்னால் யார் வாங்குவார்கள்?" என்று ஒரு வணிகர் என்னைக் கேட்டதுண்டு. கவரிங் நகையைக் கவரிங் என்று சொல்லியே நம் ஊரில் விற்கிறார்கள். வாங்குபவர்களும் மகிழ்ச்சியோடு வாங்கி அணிகிறார்கள். தங்கம் என்று சொல்லி விற்றால்தான் அது குற்றம். கல்லுக்கும் அதே நியாயம்தானே?

"ஆய்வக வைரமும் வைரம் என்றால், சுரங்க வைரத்துக்கு ஏன் அதிக விலை?" என்று நீங்கள் கேட்கலாம். விலை என்பது பொருளின் குணம் அன்று. பூமிக்குள் நூறு மைலுக்கு மேல் ஆழத்தில் நூறு கோடி ஆண்டுகளுக்கு முன் பிறந்த கல் அரிது என்பதற்காக ஒருவர் அதிகம் தர விரும்பினால், அது அவர் விருப்பம். அதில் தவறில்லை. ஆனால் தாம் எதற்குப் பணம் தருகிறோம் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நீங்கள் செய்யக்கூடியவை

முதல் வேலை வீட்டில். நகை வாங்கும்போது ரசீதில் மூன்று விவரங்களைக் கேட்டு எழுதி வாங்கச் சொல்லுங்கள்: கல்லின் சரியான பெயர், கற்களின் எண்ணிக்கையும் எடையும், கல் நீங்கலாகத் தங்கத்தின் எடை. ஆய்வக வைரமானால் அதையும் எழுதவேண்டும். 'அமெரிக்கன் டைமண்ட்' என்று எழுதினால் போதாது. 'கியூபிக் சிர்கோனியா' என்றே இருக்கட்டும்.

மூன்றாவது விவரம் ஏன் முக்கியம் தெரியுமா? கல்லையும் சேர்த்து நிறுத்து, மொத்த எடைக்கும் தங்க விலை போடும் வழக்கம் சில இடங்களில் உண்டு. கணக்குப் போட்டுப் பாருங்கள். 5 மில்லிமீட்டர் அகலமுள்ள வட்ட வைரம் ஒன்று சுமார் அரை காரட். அதாவது 0.1 கிராம். அதே அளவுள்ள கியூபிக் சிர்கோனியா, அடர்த்தி அதிகம் என்பதால் 0.16 கிராம் இருக்கும். பத்துக் கல் வைத்த நகையில் 1.6 கிராம், அதாவது ஒரு சவரனில் ஐந்தில் ஒரு பங்கு! கல்லைத் தங்க விலைக்கு வாங்குகிறோம். திரும்ப விற்கும்போது மட்டும் கல்லின் எடை மறக்காமல் கழிக்கப்படுகிறது. ஆர்க்கிமிடீசு இருந்திருந்தால் மறுபடியும் தெருவில் ஓடியிருப்பார்.

இரண்டாவது வேலை பள்ளியில். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் உதிரிக் கியூபிக் சிர்கோனியாக் கற்கள் ஐம்பதை வாங்குங்கள். காற்றில் நிறுங்கள். சிறு வலைப்பையில் இட்டு நீரில் தொங்கவிட்டு நிறுங்கள். பையின் எடையைக் கழித்துக்கொள்ளுங்கள். கற்களில் காற்றுக் குமிழ் ஒட்டாமலிருக்க நீரில் ஒரு சொட்டுச் சோப்புக் கரைசல் விடலாம். காற்றில் 5.70 கிராமும் நீரில் 4.70 கிராமும் இருந்தால், இழந்த எடை 1.00 கிராம். எனவே அடர்த்தி 5.7. இது வைரமா என்பதை இனி யாரையும் கேட்க வேண்டியதில்லை.

இன்னொரு சோதனை. தாளில் மெல்லிய கோடு ஒன்று வரைந்து, உதிரிக் கல்லைக் கவிழ்த்து அதன்மேல் வையுங்கள். நன்கு தீட்டிய வட்ட வைரத்தின் வழியே கோடு தெரியாது. கண்ணாடியில் நன்றாகத் தெரியும். சிர்கோனியாவில் துண்டுதுண்டாகத் தெரியக்கூடும். ஆனால் மாய்சனைட்டிலும் தெரியாது! எனவே இந்த ஒன்றை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள்.

செய்யக்கூடாத சோதனைகளும் உண்டு. வைரத்தைச் சுத்தியால் அடித்தால் உடையாது என்பது தவறான நம்பிக்கை. கீறலைத் தாங்குவது வேறு, அடியைத் தாங்குவது வேறு. வைரத்துக்கு எளிதில் பிளவுபடும் திசைகள் உண்டு. அடித்தால் பிளந்துவிடும். கண்ணாடியைக் கீறினால் வைரம் என்பதும் சரியல்ல. மேலே சொன்ன கற்களில் பலவும் கண்ணாடியைக் கீறும்.

அந்த மாணவியின் கதையை முடித்துவிடுகிறேன். ரசீதில் கல்லின் பெயர் இல்லாததால் கடையில் போய்க் கேட்டும் பயனில்லாமல் போயிற்று. அந்தப் பணம் போனது போனதுதான். ஆனால் ஆய்வுக்கூடத்தில் கற்றதை அவள் அம்மாவிடம் எடுத்துச் சொல்லியிருக்கிறாள். சில மாதம் கழித்துப் பள்ளி ஆண்டு விழாவுக்கு அந்த அம்மா வந்திருந்தார். காதில் அதே தோடு. "இது சிர்கோனியா சார்" என்றார், சிரித்துக்கொண்டே.

கல் மாறவில்லை. அதன் பெயர் மட்டும் சரியாகிவிட்டது. எந்தப் பொருளையும் அதன் பெயரால் அழைக்கப் பழகுங்கள், பெயரைச் சோதித்துப் பார்க்கவும் பழகுங்கள். உங்கள் வீட்டில் அடுத்து நகை வாங்கும் நாளில், ரசீதைக் கையில் வாங்கிப் படிப்பவர் நீங்களாக இருக்கட்டும்.